இருளில் விரித்த துணியும் ஒளியில் வைத்த கடிகாரமும்

அங்காடிக்குச் செல்லும் மனிதன் தன் உள்ளம் விரும்பியதைத் தானே தேர்ந்தெடுத்து வாங்கி வருகிறான் என்பதே நம்மில் பெரும்பாலோரின் எண்ணம். பணம் அவனுடையது, கண் அவனுடையது, அறிவும் அவனுடையது. எனவே தேர்வும் முழுக்க அவனுடையதே என்று கருதிவிடுகிறோம். ஆனால் அந்தப் பொருள் கடையில் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்தது, அதன்மீது எவ்வளவு ஒளி விழுந்தது, அதனருகே வேறு எந்தப் பொருள் இருந்தது, விலை எந்த முறையில் சொல்லப்பட்டது, 'இன்று விட்டால் நாளை கிடைக்காது' என்று எவர் சொன்னார் என்பனவெல்லாம் அவனுடைய தேர்வில் பங்குகொண்டன. அவன் அதை அறிவதில்லை.

இவ்வுண்மையை ஆராயும் கலைக்கு நடத்தைப் பொருளியல் என்று இன்று பெயரிட்டிருக்கிறார்கள். நான் பொருளியல் கற்றவன் அல்லன். மதரஸாவில் ஓதி, அறபும் தமிழும் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன். ஆயினும் தமிழகத்தின் எல்லையில், ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. இந்த மண்ணில் கடிகாரமும் நகையும் கைப்பேசியும் தொழிற்சாலைகளில் உருவாவதையும், அவை கடைவீதி வழியாக மீண்டும் நம் இல்லங்களுக்கு வந்து சேர்வதையும் கண்டுவருகிறேன். நான் ஓதிய கிதாபுகளில் படித்த சில செய்திகள் இக்காட்சிகளோடு எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கியார் என்னும் சொல்

அறபு மொழியில் 'கியார்' என்றொரு சொல் உண்டு. தேர்ந்தெடுத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். ஃபிக்ஹு நூல்களில் வணிகம் பற்றிய பாடத்தில், ஒரு விற்பனையை நிலைநிறுத்திக்கொள்ளவோ முறித்துக்கொள்ளவோ உள்ள உரிமைக்கு இப்பெயர் வழங்கும். வாங்கிய பொருளில் குறை தெரியவந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை ஒன்று. காணாமல் வாங்கிய பொருளைக் கண்ட பின்னர் மறுக்கும் உரிமை ஒன்று. 'எனக்கு மூன்று நாள் தவணை வேண்டும். அதற்குள் மனம் மாறினால் ஒப்பந்தம் முறியும்' என்று நிபந்தனை விதித்துக்கொள்ளும் உரிமை மற்றொன்று. விற்பவரும் வாங்குபவரும் பேசி முடித்த அவையிலிருந்து பிரியும்வரை இருவருக்கும் மனம் மாற்றிக்கொள்ளும் உரிமை உண்டு என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. ஹனஃபி மத்ஹபினர் இந்த அவை உரிமையை ஏற்பதில்லை. சொல்லால் ஒப்பந்தம் முடிந்துவிட்டதென்பர். ஆயினும் மூன்று நாள் நிபந்தனையை இரு சாராரும் ஏற்கின்றனர்.

இந்த மூன்று நாள் உரிமை எப்படி வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில், பேரம் பேசும் திறன் குன்றியிருந்த காரணத்தால் வணிகத்தில் அடிக்கடி ஏமாந்துவந்த தோழர் ஒருவர் இருந்தார். 'நீர் வணிகமே செய்யாதீர்' என்று அவரைக் கடைவீதியிலிருந்து விலக்கி வைத்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. ஏமாற்று இருக்கலாகாது என்ற பொருளுடைய ஒரு சொல்லை ஒவ்வொரு பேரத்தின்போதும் சொல்லிவிடுமாறு அவருக்குக் கற்பிக்கப்பட்டது. மூன்று நாள் அவகாசமும் வழங்கப்பட்டது. மனிதன் எப்போதும் கணக்குப் பார்த்தே முடிவெடுப்பான் என்று அங்கே கருதப்படவில்லை. அவன் அவசரத்தில் தவறுவான். தவறியவனுக்கு ஒரு வாயில் திறந்திருக்க வேண்டும் என்றே கருதப்பட்டது.

இன்னொரு செய்தி இதனினும் நுட்பமானது. கறவை ஆட்டையோ ஒட்டகத்தையோ சந்தைக்குக் கொண்டுவருமுன் சில நாள் பால் கறக்காமல் விட்டுவைப்பார்கள். மடி கனத்துத் தொங்கும். வாங்குபவன் மடியைப் பார்ப்பான். 'நிறையக் கறக்கும்' என்று தானே முடிவு செய்துகொள்வான். இவ்வாறு மடி நிரப்பப்பட்ட பிராணிக்கு 'முஸர்ராத்' என்று பெயர். விற்பவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அவன் வாய் திறக்கவே இல்லை. காட்சியை அமைத்து வைத்தான். எஞ்சியதை வாங்குபவனின் கண்ணும் மனமும் செய்துகொண்டன. ஆயினும் அது வஞ்சனையென்றே தீர்ப்பளிக்கப்பட்டது. வாங்கியவன் மூன்று நாளுக்குள் பிராணியைத் திருப்பித் தரலாம். கறந்துகொண்ட பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் கொடுத்தால் போதும் என்று நபிமொழி கூறுகிறது.

அதுபோலவே, வாங்கும் எண்ணமில்லாத ஒருவன் கூட்டத்தில் நின்று விலையை உயர்த்திக் கேட்டு, பிறரின் ஆசையைக் கிளறிவிடுவதும் தடுக்கப்பட்டது. இதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். சந்தை விலை அறியாத வெளியூர் வணிகரை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு மலிவாக வாங்கிவிடுவதும் தடுக்கப்பட்டது. இம்மூன்றிலும் வாங்குபவரோ விற்பவரோ வற்புறுத்தப்படவில்லை. அவர் முடிவெடுக்கும் சூழல்தான் வளைக்கப்பட்டது.

இமாம் கஸ்ஸாலியின் கடைவீதி

ஹிஜ்ரி 505-இல், அதாவது கி.பி. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' நம் இல்லங்களில் பெயரளவிலேனும் அறியப்பட்ட நூல். அதில் பொருளீட்டும் ஒழுக்கம் பற்றி ஒரு பகுதி உண்டு. அங்கே இமாம் அவர்கள் ஒரு துணி வணிகனைக் காட்டுகிறார்கள். அவன் துணியின் நல்ல பக்கத்தை விரித்துக் காட்டி, மறுபக்கத்தை மறைத்தால் வஞ்சகனாகிறான். இருளான இடத்தில் துணியை விரித்துக் காட்டினாலும் வஞ்சகனே. ஒரு ஜோடிக் காலணியில் நன்றாக அமைந்த ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுபவனும் அப்படியே.

ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர் கடையின் வெளிச்சத்தை அறநூலின் பொருளாக்கியது வியப்புக்குரியது. அக்காலத்து அங்காடி மேற்பார்வையாளரான முஹ்தஸிபுக்கென்று எழுதப்பட்ட கையேடுகளும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டின் ஷைஸரீ, 1329-இல் மறைந்த எகிப்தின் இப்னுல் உகுவ்வா ஆகியோரின் நூல்கள் அவற்றுள் புகழ்பெற்றவை. தட்டார், ரொட்டி சுடுவோர், துணி விற்போர் என ஒவ்வொரு தொழிலாரும் கையாளும் தந்திரங்களை அவை வரிசைப்படுத்துகின்றன. அளவையும் எடையையும் மட்டும் சோதித்தால் போதாது, காட்டும் முறையையும் சோதிக்க வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

ஓசூருக்கு வந்த கடிகாரம்

ஓசூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. 2004 பிப்ரவரியில் அம்மாவட்டம் பிரிக்கப்படுவதற்கு முன்னர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. மானாவாரி நிலமும் ராகியும் மாந்தோப்பும் நிறைந்த பகுதி. ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர் இவ்வூரின் முகம் மாறத் தொடங்கிற்று. 1980-இல் அசோக் லேலண்டு ஆலையும், டி.வி.எஸ். மொபெட் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. 1984-இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாட்டா குழுமமும் இணைந்து டைட்டன் வாட்சஸ் என்னும் நிறுவனத்தை நிறுவின. அதன் ஆலை ஓசூரில் எழுந்தது. நிறுவனத்தை முதலில் நடத்தியவர் ஜெர்க்ஸீஸ் தேசாய் என்பவர், 2016-இல் மறைந்தார்.

தருமபுரிப் பகுதியின் சிற்றூர்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அவ்வாலை பயிற்சி அளித்தது. வீட்டைப் பிரிந்து அறியாத அவர்களுக்கு ஓசூரிலேயே வளர்ப்புப் பெற்றோர் போல் குடும்பங்களை ஏற்பாடு செய்ததை இவ்வூர்ப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். வீட்டில் கைக்கடிகாரம் கண்டிராத பிள்ளைகள், மயிரிழையினும் நுண்ணிய பாகங்களைக் கோத்தனர்.

ஆனால் நம் கட்டுரைக்கு வேண்டியது ஆலை அன்று, கடை. அதுவரை கைக்கடிகாரம் எப்படி வாங்கப்பட்டது? 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவுடன் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனமே நாட்டில் முதன்மையானது. உறுதியான கடிகாரம், நம் தந்தையர் பலரின் மணிக்கட்டில் இருந்தது அதுவே. விற்கும் இடமோ பெரும்பாலும் குறுகிய, ஒளி குன்றிய கடை. பழுது பார்ப்பவர் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பொருத்தியபடி அமர்ந்திருப்பார். நாம் கேட்டால் ஓரிரண்டை எடுத்துக் காட்டுவார். எதைக் காட்டுகிறாரோ அதிலிருந்துதான் நம் தேர்வு.

1987-இல் பெங்களூர் சஃபீனா பிளாசாவில் டைட்டன் தன் முதல் காட்சிக்கூடத்தைத் திறந்தபோது இம்முறை மாறிற்று. நல்ல வெளிச்சத்தில், கண்ணாடிப் பேழைகளில், வரிசை வரிசையாகக் கடிகாரங்கள் வைக்கப்பட்டன. செய்தித்தாள் விளம்பரத்தில் பல மாதிரிகளின் படங்களும், அவற்றின் கீழ் விலையும் அச்சிடப்பட்டன. கடைக்குச் செல்லுமுன்பே விலை வீட்டுக்கு வந்துவிட்டது. தொலைக்காட்சியிலோ மொசார்ட் என்னும் ஐரோப்பிய இசைமேதையின் 25-ஆம் சிம்பொனியிலிருந்து ஓர் இசைத்துணுக்கு ஒலித்தது. கடிகாரம் நேரம் பார்க்கும் கருவி என்ற எண்ணம் மெல்ல மாறி, அன்பளிப்பாகத் தரத்தக்க அணிகலன் என்ற எண்ணம் ஊன்றப்பட்டது. ஒரு வீட்டுக்கு ஒரு கடிகாரம் போதும் என்றிருந்த நாட்டில், ஒருவருக்கே இரண்டு வேண்டும் என்ற நிலை வந்தது.

நானும் இதற்கு விலக்கல்லன். ஸனது பெற்று, ஆசிரியப் பணியில் அமர்ந்து, முதல் ஆண்டின் சேமிப்பைக் கொண்டு கடிகாரம் வாங்கச் சென்றேன். எளியதொன்றை வாங்குவதென்று உறுதி செய்துகொண்டே சென்றேன். ஆனால் கண்ணுக்கு நேரே இருந்த தட்டில் நடுத்தர விலையுடையவை இருந்தன. அவற்றின் வலப்புறம் மிக விலை உயர்ந்தவை. அந்த உயர்ந்த விலையைக் கண்ட பின்னர் நடுத்தர விலை எனக்கு மலிவாகத் தோன்றிற்று. நான் எண்ணிச் சென்றதைவிட ஒன்றரை மடங்கு கொடுத்து வாங்கி வந்தேன். என்னை எவரும் ஏமாற்றவில்லை. விலை எழுதப்பட்டிருந்தது, பொருளும் நல்ல பொருள். ஆயினும் தேர்வு முழுக்க என்னுடையதாக இருந்ததா? வலப்புறத் தட்டு அங்கே இல்லாதிருந்தால் நான் அதை வாங்கியிருப்பேனா? பல ஆண்டு கழித்தே இக்கேள்வி எனக்குத் தோன்றிற்று.

மாற்றுக் காட்டிய கருவி

கடிகாரத்தை அடுத்து அந்நிறுவனம் நகைத்தொழிலில் இறங்கிற்று. ஓசூரிலேயே நகை ஆலை அமைந்தது. தனிஷ்க் என்னும் பெயரில் முதல் கடை 1996-இல் சென்னையில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் மக்கள் அதை நாடவில்லை. தங்கம் வாங்குவதில் நம் குடும்பங்களுக்குப் பரம்பரைக் கடைக்காரர் ஒருவர் இருப்பார். 'நம்ம கடை' என்ற சொல்லே அங்கு உத்தரவாதம். அதை விட்டு வேறு கடைக்குச் செல்ல எவருக்கு மனம் வரும்?

1990-களின் இறுதியில் அக்கடைகளில் ஒரு கருவி வைக்கப்பட்டது. காரட்மீட்டர் என்று அதற்குப் பெயரிட்டனர். நகையை உருக்காமல், உரைக்காமல், ஊடுகதிரின் துணையால் சில நிமிடங்களில் அதன் மாற்றை அது காட்டிவிடும். வீட்டிலுள்ள நகையைக் கொண்டுவந்து எவரும் சோதித்துக்கொள்ளலாம் என்றனர். 22 காரட் என்று நம்பி வாங்கிய நகைகள் பல அதற்குக் குறைந்தவை என்று தெரியவந்தது. குறைந்த மாற்று நகையைக் கொடுத்து 22 காரட் நகையாக மாற்றிக்கொள்ளும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. 'எங்கள் தங்கம் நல்லது' என்று ஆயிரம் முறை சொல்லியும் அசையாத மக்கள், 'உங்கள் கையிலுள்ளதில் இழப்பு இருக்கிறது' என்று கருவி காட்டியதும் அசைந்தனர்.

இந்த இழப்பு எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு பவுன் என்பது 8 கிராம். 22 காரட்டாயின் அதில் ஏறத்தாழ 7.33 கிராம் சொக்கத் தங்கம் இருக்கும். 19 காரட்டாயின் 6.33 கிராம். பவுனுக்கு ஒரு கிராம் போயிற்று. பத்துப் பவுன் போட்டு மகளை அனுப்பிய ஏழைத் தந்தை, பத்து கிராம் தங்கத்தைக் கண்ணால் காணாமலே இழந்துவிட்டான்.

இது என் இல்லத்திலும் நிகழ்ந்தது. என் நிகாஹின்போது மஹராக 22 காரட்டில் ஐந்து பவுன் வளையல் தருவதென்று பேசி, கடைவீதியில் ஒரு கடையில் வாங்கினோம். கடைக்காரர் எங்களை அமரவைத்து, குளிர்பானம் வரவழைத்து, 'ஹஜ்ரத் வந்திருக்கீங்க, உங்களுக்குப் போய் குறைச்சலா கொடுப்போமா' என்றார். மஞ்சள் விளக்கொளியில் வளையல் தகதகத்தது. உபசரித்தவரிடம் உரைகல்லைக் கேட்பது மரியாதையன்று என்று நான் எண்ணிவிட்டேன். பல ஆண்டுகளுக்குப் பின்னர், மகளின் திருமணத்துக்காக அவற்றை மாற்றச் சென்றபோது சோதனைக் கருவி 19 காரட் என்று காட்டிற்று.

மஹர் என்பது மனைவிக்குக் கணவன் பட்ட கடன். பேசியபடி கொடுக்கப்படாத பகுதி கடனாகவே நிற்கும் என்று எத்தனை நிகாஹ் மஜ்லிஸ்களில் நான் எடுத்துச் சொல்லியிருக்கிறேன்! ஐந்து பவுனில் ஐந்து கிராம் சொக்கத் தங்கம் என் கணக்கில் நிலுவையாக இருந்திருக்கிறது. வீட்டில் இதைச் சொன்னேன். 'நீங்களா ஏமாத்தினீங்க? ரெண்டு பேரும் சேர்ந்துதானே ஏமாந்தோம். நான் மன்னிச்சுட்டேன்' என்றார் என் மனைவி. ஆயினும் மனம் ஒப்பவில்லை. ஐந்து கிராம் தங்கக் காசு ஒன்றை வாங்கி அவர் கையில் கொடுத்த பின்னரே உறக்கம் வந்தது.

அன்று எனக்கு உரைகல் கேட்கத் துணிவில்லை. இன்றைய பெண்மக்கள் கேட்க வேண்டியதே இல்லை. தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2000-இல் தொடங்கிற்று. விருப்பமுள்ளோர் மட்டும் இட்டனர். 2021 ஜூன் 16 முதல் நாட்டின் 256 மாவட்டங்களில் அது கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட தனி அடையாளக் குறியோடுதான் ஹால்மார்க் நகை விற்கப்பட வேண்டும் என்றாயிற்று. கேட்பவனுக்கு மட்டும் கிடைத்த பாதுகாப்பு, கேட்கக் கூசுபவனுக்கும் கிடைக்கும்படி ஏற்பாடு மாறிற்று. பேரம் பேசத் தெரியாத அந்தத் தோழருக்கு அளிக்கப்பட்ட சலுகையை இது எனக்கு நினைவூட்டுகிறது.

மேலைநாட்டார் கண்டவை

மனிதன் ஏன் இவ்வாறு நடக்கிறான்? 1979-இல் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் இரு உளவியலறிஞர்கள் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். நூறு ரூபாய் கிடைப்பதால் வரும் மகிழ்ச்சியைவிட, நூறு ரூபாயை இழப்பதால் வரும் துயரம் பெரிது. மனிதன் லாப நட்டத்தை ஒரு நிலையிலிருந்து ஒப்பிட்டே அளக்கிறான் என்று அவர்கள் காட்டினர். கருவி காட்டிய இழப்பு மக்களை அசைத்ததும், வலப்புறத் தட்டு என்னை மயக்கியதும் இதனால்தான். கானமன் 2002-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்; 2024-இல் மறைந்தார்.

ரிச்சர்டு தேலர் என்பவர் 1985-இல் மற்றோர் உண்மையை விளக்கினார். பணம் எல்லாம் ஒன்றே என்றாலும் மனிதன் அதைத் தனித்தனிப் பெட்டிகளில் இட்டதுபோல் மனத்துள் பிரித்து வைக்கிறான் என்பது அது. இதை அறிய நம் தாய்மார் பல்கலைக்கழகம் செல்லவில்லை. சீரக டப்பாவில் மகளுக்கென ஒன்று, குர்ஆன் உறையில் ஸதகாவுக்கென ஒன்று என்று அவர்கள் பிரித்து வைத்ததும் இதுவே. எவ்வளவு முடை வந்தாலும் ஸதகாப் பணத்தில் கைவைக்க மாட்டார்கள். நகைக்கடைகளின் மாதச் சேமிப்புத் திட்டங்கள் இப்பழக்கத்தின் மேலேயே கட்டப்பட்டவை. தானாகச் சேமிக்க முடியாதவரை அவை சேமிக்க வைக்கின்றன, அது நன்மையே. ஆனால் சேர்த்த பணத்துக்கு அதே கடையில்தான் நகை வாங்க வேண்டும். ஒரு கிராம் விலை பெரிய பலகையில் இருக்கும். சேதாரமும் செய்கூலியும் சீட்டின் அடியில்தான் தெரியவரும்.

தேலரும் பெனார்ட்சி என்பவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்று. இன்றே அதிகம் சேமியுங்கள் என்றால் தொழிலாளர் மறுக்கின்றனர். அடுத்த ஊதிய உயர்வின்போது உயர்வில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளலாமா என்றால் இசைகின்றனர். அவ்வாறு இசைந்தவர்களின் சேமிப்பு விகிதம் 40 மாதங்களில் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாக உயர்ந்தது. 2008-இல் தேலரும் சன்ஸ்டீன் என்னும் சட்ட அறிஞரும் இத்தகைய ஏற்பாடுகளுக்கு 'நட்ஜ்' என்று பெயரிட்டு நூல் எழுதினர். முழங்கையால் மெல்லத் தொட்டு உணர்த்துதல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தடுக்கவும் கூடாது, தண்டிக்கவும் கூடாது. நல்ல வழியை எளிய வழியாக்கி வைத்தால் போதும் என்பது அவர்கள் கொள்கை. தேலருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டின் 2018-19-ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கையும் இக்கொள்கைக்கு ஓர் இயலையே ஒதுக்கிற்று.

மெல்லத் தொடுவதற்கும் வஞ்சிப்பதற்கும் எல்லைக்கோடு எங்கே? செய்பவர் தாம் செய்வதை வெளிப்படையாகச் சொல்ல முடிய வேண்டும் என்பது தேலரும் சன்ஸ்டீனும் வைத்த நிபந்தனைகளுள் ஒன்று. ஊதிய உயர்வில் பிடிக்கும் ஏற்பாட்டைத் தொழிலாளரிடம் விளக்கிச் சொன்னாலும் அது பயன்தரும். மடியைக் கட்டி வைத்திருப்பதைச் சொல்லிவிட்டு எவராலும் ஆட்டை விற்க முடியாது. இமாம் அவர்களின் துணிக்கடை உவமையும் இதே எல்லையில்தான் நிற்கிறது. ஒளி என்றால் விளக்கு மட்டும் அன்று. நகைக்கடையின் மஞ்சள் விளக்கும் ஒளிதான். என் ஐந்து கிராமை மறைத்தது அந்த ஒளியே. வாங்குபவன் உள்ளதை உள்ளபடி காண இயல்கிறதா என்பதே அளவுகோல்.

கைப்பேசி என்னும் கடைவீதி

ஓசூரை அடுத்து இப்போது கைப்பேசியின் பாகங்கள் செய்யும் பெரிய ஆலை இயங்குகிறது. அதில் உழைப்போரில் பெரும்பான்மையோர் இளம்பெண்கள். கடிகாரம் கோத்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று கைப்பேசியைக் கோக்கின்றனர். அந்தக் கைப்பேசிக்குள்ளேயே இன்று கடைவீதி முழுவதும் புகுந்துவிட்டது. அங்கே துணியை விரிக்கும் இடம் எது, ஒளி விழும் இடம் எது என்பதைத் தீர்மானிப்பவர் நம் கண்ணுக்குத் தெரியாதவர்.

'இன்னும் இரண்டே எஞ்சியுள்ளன' என்ற எழுத்து மின்னும். 'பத்துப் பேர் இப்போது இதைப் பார்க்கின்றனர்' என்று வரும். இல்லாத பத்துப் பேர் எனின் அது நஜ்ஷ் அன்றி வேறென்ன? நாம் கேட்காத காப்பீடு கூடையில் தானே ஏறி அமர்ந்திருக்கும். விலை முதலில் ஒன்றாகவும், பணம் செலுத்தும் இடத்தில் வேறொன்றாகவும் இருக்கும். சந்தாவில் சேர ஒரு தொடுதல் போதும்; விலகவோ பத்துப் பக்கம் கடக்க வேண்டும். மறுக்கும் பொத்தானில் 'எனக்குச் சேமிப்பு வேண்டாம்' என்று எழுதி, மறுப்பவரையே வெட்கப்பட வைப்பதும் உண்டு.

2023 நவம்பர் 30 அன்று இந்திய மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய 13 முறைகளைப் பெயர் குறிப்பிட்டுத் தடை செய்தது. ஆங்கிலத்தில் அவற்றுக்கு வழங்கும் பெயரைத் தமிழில் சொன்னால் 'இருள் வடிவங்கள்' என்றாகும். இப்பெயரை முதன்முதலில் நாளிதழில் படித்தபோது சற்று நேரம் பேசாதிருந்தேன். இருளான இடத்தில் துணி விரித்தவனை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் வஞ்சகன் என்றார்களே, அதே இருள் ஒன்பது நூற்றாண்டு கழித்து அரசாணையில் பெயர் பெற்றிருந்தது.

அதே ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். என்னிடம் மக்தபில் ஓதிய பிள்ளை ஒருவன், இப்போது ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின்னர் வந்தான். வெள்ளிக்கிழமை இரவு கைப்பேசிச் செயலி ஒன்றின் மூலம் எண்ணாயிரம் ரூபாய் கடன் எடுத்துவிட்டதாகக் கூறி அழுதான். 'ஹஜ்ரத், பச்சைப் பொத்தான் பெருசா இருந்துச்சு, அழுத்திட்டேன். வேண்டாம்னு சொல்ற எழுத்து கண்ணுக்கே தெரியல' என்றான். வட்டிக் கடன் நமக்கு ஆகாது என்பதை நான் அவனுக்கு மீண்டும் சொல்ல வேண்டியிருக்கவில்லை; அவனே அதை எண்ணித்தான் அழுதான். இருவரும் அமர்ந்து நிபந்தனைகளைப் படித்தோம். நடுவே ஒரு வரி இருந்தது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஏழு நாளோ அதற்கு மேலோ தவணையுள்ள இத்தகைய கடனிலிருந்து குறைந்தது மூன்று நாளுக்குள், அபராதமின்றி, அசலையும் அந்நாட்களுக்குரிய கட்டணத்தையும் செலுத்தி விலகிக்கொள்ளலாம். பணம் செலவாகாமல் இருந்தது. அன்று மஃரிபுக்கு முன்னரே திருப்பிச் செலுத்தினான்.

மூன்று நாள்! எத்தனை ஆண்டுகளாக இந்த மூன்று நாள் பாடத்தைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறேன். அது கடைவீதியில் உயிரோடு நடமாடுவதை அன்றுதான் கண்டேன். ஆனால் 2025 மே மாதத்தில் வெளியான புதிய நெறிமுறைகளில் இந்த அவகாசம் குறைந்தது ஒரு நாள் இருக்க வேண்டும் என்றே கூறப்பட்டுள்ளது. வெள்ளி இரவு தவறியவன் ஞாயிறு அஸருக்கு வந்தால், கடன் கொடுத்தவர் தாமே கூடுதல் அவகாசம் தந்திருந்தாலன்றி, இனி வழியில்லாமல் போகலாம். ஆகவே நம் பிள்ளைகள் அன்றே வந்து சொல்ல வேண்டும். சொன்னால் திட்டுவார்கள் என்ற அச்சமின்றி வந்து சொல்லும்படி நாமும் நடந்துகொள்ள வேண்டும்.

குடும்பத்தலைவர்களுக்கும் இல்லத்தரசியருக்கும் நான் கூறுவது இவ்வளவே. நகை வாங்கும்போது குளிர்பானத்தை அருந்துங்கள். அதன் பின்னர் முத்திரையைக் காட்டுமாறும், அதன் எண்ணைச் சீட்டில் எழுதுமாறும் கேளுங்கள். சேதாரம் எவ்வளவு என்பதை முதலிலேயே கேளுங்கள். பெரிய செலவெதுவாயினும், 'மூன்று நாள் கழித்து வருகிறோம்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். நல்ல பொருள் மூன்று நாளில் ஓடிவிடாது. நம்மில் கடை வைத்திருப்போரும் பலர் உண்டு. அவர்கள் தம் பொருளை வாயிலுக்கு எடுத்து வந்து, பகலொளியில் இரு பக்கமும் விரித்துக் காட்டட்டும்.